தூரம் என்று மட்டும் சொல்லிப் போனவள்

நான் ஏன் பனிமலை ஏறிச் சறுக்கப் போனேன் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கலியாண வீட்டிலும் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். அடுத்தவர் வீடு கூட்டித் துடைத்துப் பிழைக்கிறவளுக்கு இந்த விளையாட்டெல்லாம் தேவைதானா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. ஆசையாக இருந்தது, போனேன். அதற்கு மேல் அவர்களுக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த மலையில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் அதை நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோவில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, மூன்றாம் மாடி. அத்தானுக்குச் சாப்பாட்டுக் கடையில் சமையல். எனக்கு முப்பத்திரண்டு வயது, கலியாணம் செய்யவில்லை, அந்த எண்ணமும் இல்லை. லிபெர்த்தா தெருவில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை செய்தேன். சிஞ்ஞோரா, அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒரு வயது இளையவள், கணவனை விட்டுத் தனியாக இருந்தாள். வேகமாகக் கதைப்பாள், சமைக்கத் தெரியாது, சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அவள் வீட்டுப் பின்பல்கனி அலுமாரியில் இரண்டு சோடி ஸ்கீக்கள், பனியில் சறுக்கக் காலில் மாட்டுகிற நீளப் பலகைகள், நின்றன. ஒரு நாள் சமையலறையில் மணம் வந்தது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், நான் உடுப்புத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் ஸ்கீயின் அடிப்பக்கத்தில் மெழுகு உருக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி கருகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பறித்து மிச்சத்தை நானே தேய்த்தேன். சூடு எவ்வளவு, கை எவ்வளவு வேகம் என்று எனக்குத்தானே தெரியும். அதன் பிறகு மெழுகு என் வேலையானது. உடுப்புக்கு வேறு பெட்டி வாங்க வைத்தேன்.

அவள் போனது கம்பியில் தொங்கும் கதிரை ஏற்றிவிட, எல்லோரும் சறுக்குகிற இடத்துக்கு அல்ல. மதோனியே மலைகளின் பின்பக்கத்தில், ஒருவரும் சமப்படுத்தாத செங்குத்தான பள்ளங்களுக்கு. பின்னுக்கு வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் மயிர்த்துணி ஒட்டி நடந்தே மேலே ஏறுவாள். உச்சியில் துணியை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவாள். கூடப் போன சிநேகிதி வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாள். தனியாகப் போவதில்லை என்பது சிஞ்ஞோராவின் சட்டம். ஒரு பின்னேரம், நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது, “உனக்குக் கால் பலம் இருக்கிறது, மூன்று மாடி தண்ணீர்ப் பெட்டி தூக்குகிறாய், நீ வருகிறாயா?” என்றாள். அவள் முடிக்க முன்னமே வருகிறேன் என்றேன். வேலை நேரத்தில் உங்களை நீங்கள் என்பேன், மலையில் நீ என்பேன் என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

முதல் குளிர்காலம் முழுக்க நான் சறுக்கியதைவிட விழுந்ததே அதிகம். மலையடியில், ஆறு வயதுப் பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நிறுத்தப் பழகினேன். என் நிறத்தைப் பார்த்து ஒரு தாய், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த வேலைக்காரி என்று நினைத்துத் தன் பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். நான் என் ஸ்கீயை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினேன். பத்து அடியில் விழுந்தேன், அது வேறு கதை.

ஆனால் ஆயத்தம் என்று வந்தபோது எனக்குப் படிக்க அதிகம் இருக்கவில்லை. ஆர்வா என்று ஒரு சின்னப் பெட்டி, மார்பில் கட்டிக்கொள்வது. சரிவு உடைந்து ஒருத்தி புதைந்துபோனால், அவளுடைய பெட்டி அனுப்புகிற ஒலியை மற்றவள் தன் பெட்டியில் கேட்டுத் தேட வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் உயிர், பிந்தினால் பெரும்பாலும் இல்லை. கடற்கரையில் ஆளில்லாத குளிர்கால ஞாயிறுகளில், மொந்தெல்லோ மணலில் ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டு மற்றதால் தேடிப் பழகினோம். அவள் இருபது நிமிடம் எடுத்தாள். நான் முதல் நாளே எட்டு நிமிடத்தில் எடுத்தேன். அவள் நம்பாமல் இன்னும் ஆழமாகப் புதைத்தாள். மறுபடியும் எடுத்தேன்.

“எங்கே பழகினாய்?” என்றாள்.

எங்கே பழகினேன். ஊரில் சண்டைக் காலத்தில் ஹெலி எந்தப் பக்கம், ஷெல் கிட்டவா எட்டவா என்று காதால் அளந்து வளர்ந்த ஒருத்திக்கு, ஒலி கூடுகிறதா குறைகிறதா என்று கேட்பது பெரிய வித்தையா? சவள் பிடித்து மண் வெட்டுவதும் அப்படித்தான். எங்கள் வளவில் மூன்று பங்கர் வெட்டியவள் நான். மேலிருந்து கீழே தோண்டினால் மண் திரும்பச் சரியும், பக்கவாட்டில் வெட்டி உள்ளே போக வேண்டும் என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். அவளுடைய புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்ததாம்.

வீட்டில் சண்டை. அக்கா என் நனைந்த கையுறைகளைக் கொடியில் கண்டால் முகத்தைத் திருப்புவாள்.

“ஷெல்லுக்குத் தப்பி வந்தனி, இப்ப சறுக்கி விழுந்து சாகப்போறியோ? சனம் என்ன கதைக்குது தெரியுமே?”

“கதைக்கட்டும் அக்கா. அங்கை ஆரோ எறிஞ்சது, நான் ஓடினனான். இஞ்சை போறதும் நான், திரும்புறதும் நான். சரிவு சரியில்லையெண்டால் பாதியிலை திரும்பி வாறம். மூண்டு தரம் திரும்பி வந்திருக்கிறம், கேளுங்கோ.”

“எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்.”

உண்மையில் அது கோபத்தில் மட்டும் சொன்னது அல்ல. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களில் வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்காது. மிஞ்சிப்போனால், “தூரமோ?” என்று கேட்கலாம். போகிறவரும் “ஓம், கொஞ்சம் தூரம்” என்பதோடு விட்டுவிடுவார். வாசற்படியில் நின்று வராவிட்டால் என்ற சொல்லை வாயில் எடுப்பது அதைவிடக் கேடு. பலெர்மோவுக்கு வந்து அக்கா எத்தனையோ விட்டாள், சேலையை விட்டாள், செவ்வாய் வெள்ளி மச்சம் தின்னாமல் இருப்பதைக்கூட விட்டாள், இதை விடவில்லை. நானும் விடவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் காட்டுகிற நான், இந்த ஒன்றில் மட்டும் நல்ல பிள்ளை. ஞாயிறு விடியற்காலையில் ஸ்கீச் சப்பாத்தோடு வாசலுக்கு வருவேன். அக்கா சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டு, திரும்பாமல், “தூரமோ?” என்பாள். “ஓம், தூரம்” என்பேன். அவ்வளவுதான்.

சிஞ்ஞோராவின் சட்டம் நேர் எதிர். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் எழுதுவாள். எந்தப் பள்ளம், எந்த வழி ஏற்றம், எந்த வழி இறக்கம், எத்தனை மணிக்கு மலையடி விடுதியிலிருந்து தொலைபேசி எடுப்போம், எடுக்காவிட்டால் யாருக்கு அறிவிப்பது. அதைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டுத்தான் காரை எடுப்பாள். ஆர்வாவும் சவளும் எங்களுக்கு, தாள் கீழே இருக்கிறவர்களுக்கு என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் தம்பி ரோமுக்குப் போயிருந்தான். தாளை என்னிடம் தந்தாள். “இந்தத் தடவை உன் அக்காவிடம் கொடு. மூன்று மணிக்குள் எடுப்போம். நாலு வரை எடுக்காவிட்டால் மீட்புக் குழுவின் இந்த இலக்கத்துக்கு அடிக்கட்டும்.” நான் வீட்டுக்குப் போய், இத்தாலியன் வரிகளுக்குக் கீழே அக்கா தொலைபேசியில் வாசிக்கத் தமிழ் எழுத்தில், ‘நோன் சோனோ தோர்னாத்தே’, திரும்பி வரவில்லை, என்று கூட எழுதி வைத்தேன். இரவுச் சாப்பாட்டு நேரம் கொடுத்திருக்கலாம். அத்தானும் பிள்ளைகளும் இருந்தார்கள், நல்ல மனநிலை, கெடுக்க மனம் வரவில்லை. காலையில் கொடுக்கலாம் என்று விட்டேன். காலையில் அக்கா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, “தூரமோ?” என்றாள். தாள் என் ஜாக்கெட் பையில் கைக்குள் இருந்தது. அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. “ஓம், தூரம்” என்றேன். படியிறங்கினேன்.

காரில் ஏறியதும் சிஞ்ஞோரா, “கொடுத்தாயா?” என்றாள்.

“சீ,” என்றேன். ஆம் என்று. பொய்.

இரண்டு நாள் முன்பு பனி கொட்டியிருந்தது, பிறகு காற்று. அவள் வழக்கம்போல ஏறும் வழியில் குழி வெட்டி, பனி அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்திருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் பிடித்துத்தான் இருந்தது. உச்சிக்குக் கீழே, காற்று பனியைக் கொண்டுவந்து ஒதுக்கிய இடத்தில் நாங்கள் வெட்டிப் பார்க்கவில்லை. பதினொரு மணிபோல் பள்ளத்தின் தலைப்பில் நின்றோம். ஒருத்தி இறங்கும்போது மற்றவள் பாறையோரம் நிற்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரிவில் இருக்கக்கூடாது. அவள் முதலில் போனாள். மூன்று திருப்பம் அழகாகப் போட்டாள். நாலாவது திருப்பத்தில் அவளுக்கு மேலே துணி கிழிவதுபோல் ஒரு கோடு ஓடியது. சரிவு முழுக்கப் பலகையாகக் கழன்று இறங்கியது. அவளுடைய சிவப்புத் தொப்பி ஒரு தடவை மேலே வந்தது, பிறகு காணவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கை தானாக ஆர்வாவைத் தேடும் பக்கம் திருப்பியது, அதன் ஒலிக்கம்பியைச் செவியில் செருகியது. தொப்பி கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கீழே வளைந்து வளைந்து போனேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு மெல்லிய டிக். கூடியது. ஒலியைக் குறைத்தேன், மறுபடி கூடியது. குனிந்து, பெட்டியைப் பனியோடு பனியாக இழுத்து, கூடிய இடத்தில் நின்றேன். ஆழம் பார்க்கிற மடிப்புக் கம்பியை நீட்டிப் பனிக்குள் குத்தினேன். மூன்றாவது குத்தில் மெத்தென்று இருந்தது. சாமி, எந்தச் சாமியானாலும் சரி, என்று கத்திக்கொண்டே பக்கவாட்டில் வெட்டினேன். முதலில் கை, பிறகு முதுகுப்பை, பிறகு முகம். நீலம் பாரித்திருந்தது. வாய்க்குள்ளிருந்த பனியை விரலால் வழித்து எறிந்தேன். ஒரு தரம் கொர் என்று இழுத்தாள். பிறகு இருமினாள். நான் அவள் கன்னத்தில் அறைந்துகொண்டு அழுதேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. அசைக்க முடியவில்லை. அவளுடைய கைத்தொலைபேசி எங்கேயோ பனிக்குள் போய்விட்டது, இருந்தாலும் அந்த மலைக்குப் பின்னால் அது வேலை செய்வதில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வழக்கறிஞர் குரலில் கணக்காகச் சொன்னாள்.

“மணி பதினொன்றரை. நாம் அசைய வேண்டாம். நீ தனியாக இந்தப் பள்ளத்தில் இறங்கக்கூடாது, மேலே இன்னும் கொஞ்சம் தொங்குகிறது. நாலு மணிக்கு உன் அக்கா அடிப்பாள். ஐந்து, ஐந்தரைக்கு வந்துவிடுவார்கள். குழியைப் பெரிதாக்கு, இரண்டு பேரும் உள்ளே இருந்தால் தாங்கலாம்.”

நான் சவளைக் கீழே வைத்தேன். ஜாக்கெட் பையிலிருந்து தாளை எடுத்து அவளுக்குக் காட்டினேன். மடிப்பு ஈரமாகியிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட நேரம் இல்லை.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பெர்கே?” என்றாள். ஏன்?

எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் வாசலில் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை என்றேன். இத்தாலியனில் சொல்லும்போது அது சின்னப் பிள்ளை சாட்டுப்போல் இருந்தது.

“என்னைப் பத்து நிமிடத்தில் தோண்டி எடுத்தாய்,” என்றாள். “ஒரு தாளை உன் சொந்த அக்காவிடம் கொடுக்க முடியவில்லையா?”

அக்காவுக்கு மலையின் பெயர்கூடத் தெரியாது. இருட்டிய பிறகு பயப்படுவாள், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் விளக்குக்கு இன்னும் எண்ணெய் விடுவாள். சிஞ்ஞோராவுக்கு அதற்குள் உடம்பு குளிர்ந்து கதை முடிந்துவிடும். நான் போக வேண்டும், வேறு வழி இல்லை. குழியை அகலமாக வெட்டி, என் முதுகுப்பையையும் கயிற்றையும் அடியில் போட்டு, அவளை அதன்மேல் இழுத்துவைத்தேன். என் ஜாக்கெட்டை அவளுக்குப் போர்த்தினேன். அவளுடைய ஸ்கீ இரண்டையும் தூரத்திலிருந்து தெரிய எக்ஸ் போல் குத்திவைத்தேன். அவள் மறுக்கவில்லை. “ஏற்கெனவே சரிந்த வழியால் போ, அங்கே விழ ஒன்றும் மிச்சமில்லை. திருப்பம் போடப் பயமென்றால் பக்கவாட்டில் வழுக்கு. வீரம் காட்டாதே,” என்றாள்.

அந்தப் பள்ளத்தை நான் அதுவரை தனியாக இறங்கியதில்லை. மேலே நின்று பார்த்தால் ஸ்கீ முனைக்குக் கீழே எதுவும் தெரியாது. சரிந்த இடம் கட்டிப் பனி, விளிம்பு பிடிக்கவில்லை. பாதி தூரம் பக்கவாட்டில் வழுக்கினேன், ஒரு தரம் விழுந்து ஒரு கோலைப் பறிகொடுத்தேன். இடையில் ஓரிடத்தில் கால் நின்றுவிட்டது. வாய்விட்டுச் சொன்னேன், ஷெல்லுக்கு நின்று யோசித்தியா என்று. நான் என்னோடு சண்டை பிடித்தே கீழே வந்தேன்.

விடுதிக்காரர் உடனே தொலைபேசியை எடுத்தார். அங்கிருந்த ஒருவர் மட்டும், “உன்னை யார் அங்கே மேலே கூட்டிக்கொண்டு போனது?” என்று சிரித்தார். நான் தாளை மேசையில் விரித்து, பள்ளத்தின் பெயர், ஏறிய வழி, இறங்கிய வழி, எக்ஸ் நிற்கிற இடம் எல்லாவற்றையும் விரலால் காட்டினேன். “நான்தான் போனேன்,” என்றேன். மீட்புக் குழு வந்தபோது என்னை இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை. கடன் வாங்கிய ஜாக்கெட்டோடு அவர்களுக்கு முன்னால் நடந்தேன். மூன்று மணிக்கு முன்பே அவளைச் சறுக்குக் கட்டிலில் கட்டி இறக்கினார்கள். அவள் வழி முழுக்க அவர்களுக்குக் கட்டளை போட்டுக்கொண்டு வந்தாள்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், தாளைப் பற்றியும். அவள் அழுதாள். பிறகு, “நான் கேக்காதபடியாத்தான் நீ உயிரோடை வந்தனி,” என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “நீங்கள் கேட்டிருந்தால் அந்த மனிசி நாலு மணிக்கு நீங்கள் அடிப்பியளெண்டு நம்பினது உண்மையாயிருக்கும்!” என்று கத்தினேன். பிழை என்னுடையது என்று தெரிந்தும் அவளில் போட்டேன். ஒரு மாதம் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனம் தன் பங்குக்குக் கதைத்தது. கடவுள் காட்டிவிட்டார், இனி அடங்குவாள் என்றார்கள். கடவுள் காட்டியது ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லி, வீட்டில் இருக்கச் சொல்லி அல்ல என்று மளிகைக் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

சிஞ்ஞோரா கால் கட்டோடு சோபாவில் கிடந்தாள். நான் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. மூன்றாம் வாரம், நான் சூப் கொடுக்கும்போது சொன்னாள், “உயிரைத் தந்ததற்கு நன்றி. பொய் சொன்னதற்கு மன்னிப்பு இல்லை. உன் அக்கா அந்தத் தாளை வாங்குகிற நாள் வரைக்கும் நான் உன்னோடு மலைக்கு வரமாட்டேன்.” நியாயம்தான். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அக்கா வாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இனி எனக்கு மலை இல்லை என்று பல்கனிக்குப் போய் நின்று அழுதேன்.

கோடை போயிற்று. அடுத்த குளிர்காலம் அவளுடைய கால் தேறியது. நான் இரண்டு சோடி ஸ்கீக்கும் மெழுகு தேய்த்து வைத்தேன், ஒருவரும் கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா தாளை வாங்கினால் ஞாயிறு போவோமா என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன், வாங்கினால் வருகிறேன் என்றாள். மறுநாள் வீட்டில் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் அக்காவுக்குச் சொன்னேன். “நாளைக்கு நான் மலைக்கு வெளிக்கிடுறன். தாள் எழுதியிருக்கிறன். நீங்கள் வாங்கினால் போவன், வாங்காட்டிப் போகமாட்டன். பொய் சொல்லிப் போகமாட்டன்.” அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

காலையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா விளக்கடியில் இல்லை, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. நாற்பது வயது வரைக்கும் வாசலில் ஒருவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

“எங்கை போறாய்?”

நான் சொன்னேன். மலை, பள்ளம், ஏற்றம், இறக்கம். அவள் கையை நீட்டினாள், தாளைக் கொடுத்தேன்.

“மூண்டு மணிக்கு நீ எடுக்காட்டி?”

“நாலு மணி வரைக்கும் பாருங்கோ. பிறகு இந்த நம்பருக்கு அடியுங்கோ.”

இலக்கத்தை உரத்து வாசித்தாள். ஒன்றைப் பிழையாக வாசித்தாள், திருத்தினேன், திரும்ப வாசித்தாள். ‘நோன் சோனோ தோர்னாத்தே’ என்றும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அதைச் சொல்லும்போது அவள் கை என் தோளைப் பிடித்திருந்தது. பிறகு, “சரி, போட்டு வா,” என்று வழிவிட்டாள்.

அன்றைக்குச் சரிவு சரியில்லை. பாதி வழியில் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, சிஞ்ஞோராவும் நானும் திரும்பினோம். மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்க, விடுதியிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, அக்கா எடுத்துவிட்டாள்.